‘பார்ட்ஸ் வந்ததும் கூப்பிடுறோம் சார்’: ரீகால் வண்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு,



வண்டியைத் திரும்ப அழைக்கும் ரீகால் கடிதமோ குறுஞ்செய்தியோ கம்பெனியிலிருந்து உங்களுக்கு வந்திருக்கும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை தயாரான வண்டிகளில் ஒரு பாகத்தைச் சோதிக்க வேண்டியிருக்கிறது, உங்கள் வண்டியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள், கட்டணம் கிடையாது என்று அதில் இருக்கும். நீங்களும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். கவுண்டரில் இருந்த தம்பி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பார்ட்ஸ் இன்னும் வரலீங்க சார், வந்ததும் நாங்களே கூப்பிடுறோம்” என்றிருப்பார். அந்த அழைப்புக்காகக் காத்திருப்பவர்களுக்குத்தான் இந்த மடல்.

கோவையில் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். ரீகால் வண்டிக்காரர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் காரியம் முற்றியிருக்கும். வண்டி நடுரோட்டில் நின்று அடிபட்ட பிறகு வருவார்கள். அல்லது மாதக்கணக்காக ஃபோனிலேயே பேசிப் பேசி, ஒரு துண்டுக் காகிதம்கூடக் கையில் இல்லாமல் வருவார்கள். காத்திருக்கும் நாட்களிலேயே செய்துவைக்க வேண்டிய வேலைகள் உண்டு. அவற்றுக்குப் பெரிய செலவும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

உங்கள் கையில் இருக்கும் அந்தக் கடிதம் எவ்வளவு பெரிய ஆவணம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டியில் குறை என்று வழக்குப் போடும் சாதாரண நுகர்வோருக்குப் பெரிய தலைவலி, அது தயாரிப்பிலேயே இருந்த குறை என்று நிரூபிப்பதுதான். ஓட்டிய விதம் சரியில்லை, சர்வீஸைத் தவறவிட்டார், வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்தார் என்று எதிர்தரப்பு அடுக்கும். நிபுணர் பரிசோதனை கேட்க வேண்டும், அறிக்கை வர வேண்டும், அறிக்கைக்கு ஆட்சேபம் வரும். ரீகால் கடிதம் உள்ளவருக்கு இந்தச் சுமை பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது. இன்ன பாகத்தில், இன்ன மாதங்களில் தயாரான வண்டிகளில் குறை இருக்கிறது, அல்லது இருக்கக்கூடும் என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

‘இருக்கக்கூடும்’ என்ற இடத்தில்தான் கம்பெனிகள் கால் ஊன்றி நிற்கும். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் உள்ள குறையால் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகலாம், இழுவை குறையலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்கூட ஆகலாம் என்று காரணம் சொன்னது. பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் பாகம் மாற்ற வேண்டிவரும் என்றும் சேர்த்துச் சொன்னது. அப்படியென்றால் உங்கள் வண்டி அந்தப் பத்தில் ஒன்றா, மீதித் தொண்ணூறில் ஒன்றா? சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. ஆகவே “உங்க வண்டியில பிரச்சினை இருக்காது சார், தைரியமா ஓட்டுங்க” என்று சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொன்னால், சோதித்துவிட்டு அதையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாகம் வந்து சேரவில்லை என்பது சோதிக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. அது உங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை இருப்பதைத் தெரிந்துகொண்டே ஒரு வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயப்பட்டாலோ சொத்து சேதமானாலோ, மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது. பிரேக்கிலோ எஞ்சினிலோ குறை என்று கடிதம் கைக்கு வந்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் பாலிசியின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தீர்களென்றால், வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். விபத்துக்குப் பிறகு சொந்தச் சேதத்துக்குக் கேட்புமனு கொடுக்கும்போதுதான் அந்த வரி கண் விழிக்கும்.

அதனால் கம்பெனியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி “பார்ட்ஸ் எப்ப வரும்?” அல்ல. அதற்கு “ஒரு வாரத்தில்” என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். கேட்க வேண்டியது இது: “என் வண்டியைச் சரிசெய்து தரும்வரை நான் இதை ஓட்டலாமா, கூடாதா? எழுத்தில் பதில் தரவும்.” இதற்கு அவர்களால் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. ஓட்டலாம் என்று எழுதினால், அதன் பிறகு ஏதாவது நடந்தால் பொறுப்பு அவர்கள் தலையில். ஓட்டக் கூடாது என்று எழுதினால், அன்றிலிருந்து நீங்கள் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், மாற்று வண்டி தராத ஒவ்வொரு நாளும் அவர்கள் கணக்கில். பதிலே போடாமல் இருந்தால் அந்த மௌனத்தை நுகர்வோர் ஆணையத்தின் முன் காட்டலாம். இதைக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும், அதன் பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஷோரூமுக்கு ஒரு நகல் போதும்.

சரி, ரீகால் வேலையை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். நம் நாட்டில் இருக்கும் பெரிய ஓட்டை அதுதான்.

2012-இல் வாகன உற்பத்தியாளர்கள் சங்கம் தாமாகவே ஒரு விதிமுறையை வகுத்துக்கொண்ட காலத்திலிருந்து ரீகால் இங்கே பழக்கத்தில் உண்டு. சட்டமாக வந்தது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில், 110-ஏ பிரிவாக. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஓட்டுபவருக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யக்கூடிய குறை என்று தெரிந்தால், அந்த வகை வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அப்படி உத்தரவிட்டால் தயாரிப்பாளர் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அதே தரத்திலோ மேலான தரத்திலோ வேறு வண்டி தர வேண்டும், அல்லது சரிசெய்து தர வேண்டும். அபராதமும் உண்டு, வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பிரிவில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் தானே குறையைக் கண்டுபிடித்து அரசுக்குத் தெரிவித்து ரீகாலைத் தொடங்கினால் அபராதம் கிடையாது. நீங்களும் நானும் பத்திரிகையில் படிக்கும் ரீகால்கள் இந்த வகைதான். தானே முன்வருபவருக்குச் சலுகை கொடுப்பது நியாயம்தான். இல்லையென்றால் குறையை மூடி மறைப்பார்கள். ஆனால் முன்வந்தவர் எத்தனை நாளில் வேலையை முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் வண்டிக்காரருக்கு என்ன பரிகாரம் என்று அந்த உட்பிரிவு வாயே திறக்கவில்லை. ரீகாலைத் ‘தொடங்கினால்’ போதும் என்கிற அளவில் நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி கட்டியிருக்கிறார்கள். அங்குள்ள கூட்டாட்சிச் சட்டப்படி, ரீகால் வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்து 60 நாளுக்குள் சரியாகப் பழுது நீக்கித் தராவிட்டால், நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல்நிலைச் சான்று. அதன் பிறகு மாற்று வண்டியோ, தேய்மானம் போக விலையோ தர வேண்டும். அந்த 60 என்ற எண் நம் சட்டத்தில் இல்லை. அதனால் நாளைக் குறிக்கும் வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டு தேதிகள் எழுத்தில் இருந்தாக வேண்டும்: நீங்கள் வண்டியை ஒப்படைத்த தேதி, நீங்கள் கொடுத்த கெடு முடிந்த தேதி.

முதல் தேதி எங்கே காணாமல் போகிறது என்று சொல்கிறேன். ஜாப் கார்டில்தான். சர்வீஸ் சென்டரில் ஒரு அட்டையை நீட்டுவார்கள். மேலே வண்டி எண், கிலோமீட்டர், எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று குறிக்கும் சின்னப் படம். நடுவில் வாடிக்கையாளர் சொன்ன குறைகளை எழுத நாலைந்து கோடுகள். நீங்கள் “ரீகாலுக்கு வந்தேன்” என்பீர்கள். அவர் “ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்” என்று கிறுக்குவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கை அப்படிப் பழகிவிட்டது. பாகம் இல்லாத ஊர்களில் பெரும்பாலும் ஜாப் கார்டே போட மாட்டார்கள். “வண்டியை உள்ள எடுக்காம எப்படி சார் கார்டு போடறது?” என்பார்கள். விளைவு, நீங்கள் அன்று போனதற்கே சாட்சி கிடையாது. ரீகால் என்று பெயர் போட்டு, கடிதத்தில் உள்ள எண்ணையும் குறித்து, ‘பாகம் இருப்பில் இல்லை’ என்று எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் சண்டை போடாதீர்கள். கவுண்டரில் இருப்பவருக்கும் பாகத்தை வரவழைக்கும் அதிகாரம் கிடையாது. வெளியே வந்து அங்கேயே நின்று, “இன்று காலை 11 மணிக்கு வந்தேன், பாகம் இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்” என்று அவர்களின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். ஜாப் கார்டு செய்ய வேண்டிய வேலையில் முக்கால்வாசியை அந்த இரண்டு வரி செய்யும்.

இரண்டாவது தேதிக்கு ஒரு நோட்டீஸ். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டிய அவசியமில்லை, நீங்களே எழுதலாம். முப்பது நாள் கெடு கொடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுத்து, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, பில்லில் ஒன்றும் இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள்ளோ பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தாமதமும் மறுப்பும் ஒன்றல்ல என்று கம்பெனி வாதிடும். எழுத்தில் கேட்டு, கெடு கொடுத்து, பதிலே வராதபோது அது மறுப்புதான் என்று வாதிட உங்களுக்கு இடம் இருக்கிறது. அந்த வாதம் எடுபடாமல் போனாலும் ‘சேவைக் குறைபாடு’ என்ற வாதம் தனியாக நிற்கும். இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்று அழைத்துவிட்டுச் செய்யாமல் இருப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

எல்லாத் தாமதமும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. நான் மேலே சொன்ன 2021 ரீகால், கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாடே பூட்டிக் கிடந்த மே மாதத்தில் வந்தது. அப்போது யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. 2024-இல் சுசூகி 3,88,411 ஸ்கூட்டர்களை இக்னிஷன் காயிலின் ஹைடென்ஷன் வயருக்காக அழைத்தது. அதே ஆண்டு யமஹா பிரேக் லீவருக்காகச் சுமார் மூன்று லட்சம் ஸ்கூட்டர்களை அழைத்தது. டிவிஎஸ் தன் ஐக்யூப் ஸ்கூட்டர்களில் சுமார் 45,000 வண்டிகளை அடிச்சட்டத்தில் உள்ள பிரிட்ஜ் டியூபைச் சோதிக்க அழைத்தது. இத்தனை லட்சம் பாகங்களை ஒரே வாரத்தில் நாட்டின் எல்லா ஊர்களிலும் கொண்டுபோய் வைக்க முடியாது என்பது யாருக்கும் புரியும். பாகம் தயாராகும்வரை ரீகாலைச் சொல்லாமல் ஒளித்துவைப்பதைவிட, சொல்லிவிட்டுக் காக்கவைப்பது மேல். ஆனால் காக்கவைக்கும் காலத்துக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். மாற்று வண்டியா, பயணச் செலவா, உங்கள் ஊருக்கு இன்ன தேதி என்ற உறுதியா, ஏதாவது ஒன்று. அது இல்லாத தாமதம்தான் வழக்குக்குப் போகிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். கம்பெனியின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பழைய நுகர்வோர் சட்டத்தில் இந்த வசதி இல்லை. எந்த ஆணையம் என்பதை இப்போது நீங்கள் கேட்கும் இழப்பீடு முடிவு செய்வதில்லை, வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலைதான் முடிவு செய்கிறது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. அதாவது நம் சாலைகளில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நீங்களே நின்று பேசலாம். என் தொழிலுக்கு இது விளம்பரம் அல்ல என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

எதிர்தரப்பினராகத் தயாரிப்பாளரையும் டீலரையும் சேர்த்துப் போடுங்கள். ஒருவரை விட்டால் இன்னொருவர், “அது அவங்க வேலை” என்று கையை விரிப்பார். நோட்டீஸ் கிடைத்த முப்பது நாளில் அவர்கள் பதில் தாக்கல் செய்ய வேண்டும், ஆணையம் மேலும் பதினைந்து நாள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வழக்கு முடிவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு கேட்கவும் வழி இருக்கிறது. ரீகால் தாமதத்தில் நான் அதைத்தான் முதலில் கேட்பேன்: இத்தனை நாளுக்குள் சோதித்துச் சரிசெய், அதுவரை ஓட்டுவதற்கு ஒரு வண்டி கொடு. இறுதித் தீர்ப்பைச் சட்டம் மூன்று மாதத்தில் எதிர்பார்க்கிறது, பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து. நடப்பில் அதைவிட நீளும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அதனால்தான் இடைக்கால உத்தரவு முக்கியம்.

என்ன கேட்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் “புது வண்டி கொடு, இல்லன்னா முழுப் பணத்தையும் கொடு” என்று மட்டும் எழுதிவிடுவார்கள். வாரண்டியின்படி தயாரிப்பாளரின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவதுதான், முழு வண்டியையும் மாற்றித் தருவதல்ல என்று 2006-இல் மாருதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பைக் கம்பெனி வக்கீல்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இன்னொரு பக்கம், விபத்தில் காற்றுப்பைகள் விரியாமல் போன ஒரு ஹூண்டாய் கார் வழக்கில் வண்டியையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே படிப்படியாகக் கேளுங்கள். இன்ன தேதிக்குள் சரிசெய்து தர வேண்டும். தவறினால் மாற்று வண்டி. அதுவும் இல்லையென்றால் வட்டியோடு விலை. எப்படியானாலும் வண்டி நின்ற காலத்துக்கு இழப்பீடு. ஒரு படியில் ஆணையம் தயங்கினால் அடுத்த படி காத்திருக்கும்.

இழப்பீட்டுக்கு ஆதாரம் சேர்ப்பதில் சோம்பல் வேண்டாம். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதுவது சுலபம். நூற்றைம்பது ரூபாய் ஆட்டோ ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைப்பதுதான் யாருக்கும் முடிவதில்லை. செயலியில் வண்டி பிடித்தால் அதன் பில் ஃபோனிலேயே இருக்கும். வண்டி ஓடாத மாதங்களில் கட்டிய இ.எம்.ஐ., இன்சூரன்ஸ் இவற்றின் கணக்கையும் வையுங்கள். இ.எம்.ஐ. கட்டுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். பைனான்ஸ் கம்பெனிக்கும் ரீகாலுக்கும் சம்பந்தமில்லை. நின்றுபோன வண்டியைத் தூக்கிப்போக ஆள் வருவார்கள், சிபில் மதிப்பெண்ணும் விழும். விலையைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வந்தாலும் முதலில் அந்தக் கடன் பாக்கிதான் தீரும்.

உணவு, பார்சல் டெலிவரி செய்யும் தம்பிகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். “நீ வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறாய், நீ நுகர்வோரே கிடையாது” என்று உங்களை மடக்குவார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவதை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. எங்கள் ஊர் பி.எஸ்.ஜி. நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பிலேயே உதாரணம் இருக்கிறது. அன்று ஆட்டோவுக்குச் சொன்னது இன்று உங்கள் முதுகில் தொங்கும் சதுரப் பைக்கும் பொருந்தும். புகாரின் முதல் பக்கத்திலேயே “என் பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன்” என்று எழுதிவிடுங்கள். வாரா வாரம் செயலியில் வரும் வருமானக் கணக்கைப் படம் எடுத்து வையுங்கள், வண்டி நிற்பதற்கு முந்தைய வாரங்களையும் சேர்த்து. ஓடிய வாரத்துக்கும் நின்ற வாரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் இழப்பு. அதை வார்த்தையில் விளக்கத் தேவையிருக்காது.

தாமதத்துக்கு நடுவே விபத்து நடந்துவிட்டால் வழக்கின் தன்மையே மாறும். 2019 நுகர்வோர் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயம் வந்திருக்கிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை, அல்லது போதிய எச்சரிக்கை இல்லை என்று காட்டினால் தயாரிப்பாளர் பொறுப்பு. ஆனால் அந்த அத்தியாயத்தில் ‘தீங்கு’ என்றால் உடலுக்கோ, வேறு சொத்துக்கோ நேர்ந்தது. அந்த வண்டிக்கே நேர்ந்த சேதம் அதில் சேராது. ஆகவே வெறும் தாமதத்துக்கு இந்த அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். விபத்து நேர்ந்திருந்தால் முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைப் பதிவு இவற்றோடு வண்டியை அப்படியே வையுங்கள். “இன்னிக்கே பார்ட்ஸ் வந்திருச்சு, மாத்திக் குடுத்துடறோம்” என்று விபத்துக்கு மறுநாள் அன்பு பொங்கி வருவார்கள். மாற்றிவிட்டால் பழைய பாகம் போய்விடும், அதுதான் சாட்சி. சைலன்சர், லைட், ஹேண்டில்பார் என்று ஆசைக்கு மாற்றிப் போட்டிருப்பவர்கள் அதையும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். எதிர்தரப்பு முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.

பழைய வண்டி வாங்கி ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்களுக்கு ரீகால் கடிதமே வராது. அது முதல் உரிமையாளரின் வீட்டுக்குப் போயிருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள், பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்துவிட்டது, பெய்ட் சர்வீஸ் செய்தால்தான் ரீகால் வேலை பார்ப்போம் என்றெல்லாம் சொன்னால் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஒரே ஊரில் ஒரே ரீகாலுக்குப் பலர் காத்திருந்தால் சேர்ந்து போவது நல்லது. ஆணையத்தின் அனுமதியோடு, ஒரே பாதிப்பு உள்ள எல்லோருக்காகவும் ஒருவர் புகார் கொடுக்கலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு, பலருக்கும் தெரிவதில்லை. நுகர்வோரை ஒரு கூட்டமாகப் பாதிக்கும் விஷயத்தில் மாவட்ட ஆட்சியரிடமே புகார் கொடுக்கலாம் என்கிறது 2019 நுகர்வோர் சட்டத்தின் 17-வது பிரிவு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எத்தனையோ மனுக்களோடு போகிறோம். பட்டாவுக்கும் தெருவிளக்குக்கும் நடுவே இதையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள், பிரிவு எண்ணைத் தலைப்பிலேயே போட்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு நேரடியாகவும் எழுதலாம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, சமரசம் பேசும் இடம். ஆனால் அங்கே பதிவாகும் எண்ணிக்கைக்கு ஒரு கனம் இருக்கிறது. ஓராண்டில் 10,644 புகார்கள் அந்த எண்ணில் சேர்ந்த பிறகுதான், 2024 அக்டோபரில் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு மத்திய ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் பெரும் பங்கு சர்வீஸ் தாமதம் பற்றியது. 99 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டதாக நிறுவனம் சொன்னது, ஆணையம் அதோடு விடாமல் விசாரணையைத் தொடர்ந்தது. நீங்கள் பதியும் புகார் உங்களுக்கு உடனே பலன் தராவிட்டாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகச் சேரும். வண்டியில் குறை இருந்தும் ரீகாலே அறிவிக்காத கம்பெனி என்றால் மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் பதியுங்கள். கட்டாய ரீகாலுக்கு அரசு பார்ப்பது, விற்ற வண்டிகளில் எத்தனை சதவீதத்துக்குப் புகார் வந்திருக்கிறது என்பதைத்தான்.

காலக்கெடு மட்டும் கவனம். வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். நான் ரீகால் கடிதத்தின் தேதியிலிருந்தே எண்ணச் சொல்வேன். பின்னால் வாதிட வேறு தேதிகள் கிடைத்தாலும் எண்ணுவது அங்கிருந்துதான் பாதுகாப்பு. “அடுத்த மாசம் கண்டிப்பா சார்” என்று வாட்ஸ்அப்பில் வந்த எத்தனை உறுதிமொழியும் அந்த இரண்டு ஆண்டை நீட்டாது. 1915-இல் பதிந்த புகாரும் நீட்டாது.

உத்தரவு உங்கள் பக்கம் வந்துவிட்டால், கம்பெனி மாநில ஆணையத்துக்கு 45 நாளில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கட்டச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான். மேல்முறையீடும் செய்யாமல், உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால் நுகர்வோர் சட்டத்தின் 72-வது பிரிவில் மனுப் போடுங்கள். ஒரு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அந்த மனுவின் நகல் போய்ச் சேர்ந்த வாரத்தில் பாகம் கூரியரில் வந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். மாற்றிய பாகத்தின் எண், ரீகால் எண், தேதி மூன்றும் பில்லில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இழப்பீடு தனி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு நுகர்வோர் வழக்கறிஞர்